தாள் எண் 2317

உறையைப் பிரித்தவுடன் விரலில் ஏறியது.
ஏழாயிரம் கிலோமீட்டர்,
செய்தித்தாளுக்கு இடையே மூன்று வாரம் நசுங்கல்,
சுங்கக்காரர் முத்திரை,
பூச்சி சாக எங்கள் உறைபெட்டியில் எட்டு நாள்.
எதிலும் மழுங்கவில்லை.

லிம்போபோவிலிருந்து பரிமாற்றத்தில் வந்தது.
வேலூர் எங்கே என்று அதற்குத் தெரியாது.
ஒட்டி, தைத்து, எண் போடுவது என் வேலை.

படிவத்தில் 'முள்' என்று எழுதப் போனேன்.
லென்ஸைக் குனித்தால்
முள்ளின் முதுகில் இலை.
ஒன்றல்ல, ஒரு கொத்து.
கிளையாகத்தான் புறப்பட்டிருக்கிறது;
போகிற வழியில் என்ன கேள்விப்பட்டதோ,
நுனியைக் கூராக்கிக்கொண்டு நின்றுவிட்டது.
இலை விடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இறகுக்குள் இறகாய்ப் பிரிந்த இலை.
இணைகள் பிரியும் இடந்தோறும்
காம்பு வைத்த சுரப்பி ஒன்று,
குண்டூசித் தலையில் பாதி.
இருபது மடங்கு பெருக்கினால்தான்
இருக்கிறேன் என்கிறது.
காய்கள் ஒன்றையொன்று பிடித்து முறுக்கி
கொத்தாக, தட்டையாக மறுக்கின்றன.
தாளை மூடினால் மேலே புடைக்கிறது.
இரண்டு நூல் அறுந்தபின்
காயைத் தனி உறையில் போட்டேன்.

சேகரித்தவர்: த. மோலெஃபே.
ஊர்ப்பெயர்: மொசெலெசெலே.
குறிப்பு: மாடு போகும் தடம். வேரிலிருந்து கன்றுகள்,
வெட்டினால் இரட்டிப்பு.
கடைசி வரி வேறு பேனாவில்:
இங்கே வர இரண்டு பஞ்சர்.

சிரித்துவிட்டேன்.
காலியான அறையில், நாற்பது இரும்பு அலமாரிக்கு நடுவே.

போன புரட்டாசியில்
சாயிநாதபுரம் திருப்பத்தில் கவுஸ் பாய்
என் ஸ்கூட்டி டியூபைத் தொட்டியில் முக்கி
குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அடைத்தபடி சொன்னார்:
"வேலிக்காத்தான் இல்லம்மா இது. வெடத்தலா.
அது ஒடியும். இது உள்ள போய் உக்காந்துக்கும்."
குறடால் பிடுங்கியதை
பால்பவுடர் டப்பாவில் போட்டார்.
டப்பா பாதி நிறைந்திருந்தது.
ஒன்று கேட்டு வாங்கி வந்தேன்.
மேசை இழுப்பறையில் கிடந்தது இத்தனை நாள்.

இப்போது எடுத்துத் தாளின் அருகே வைக்கிறேன்.
அதே நீளம். அதே சாம்பல் பட்டை.
இலை உதிர்ந்த தழும்புகூட அதே இடைவெளியில்.
அங்கிருந்து இங்கே வந்ததா,
இங்கிருந்து அங்கே போனதா என்று
யாரும் ஏலம் போடத் தேவையில்லை.
இரண்டு வெயிலுக்கும் சொந்தச் செடி.
கடல்தான் நடுவில் வந்து படுத்திருக்கிறது.

பூவில்தான் சிக்கல்.
படிவம் நிறம் கேட்கிறது.
தாளில் இருப்பது பழுப்பு, மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு.
மோலெஃபே எழுத மறந்துவிட்டார்,
அல்லது டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஓட்டேரி ஏரிக்கரை.
முந்தின இரவு மழை; சேறு செருப்பைக் கழற்றியது.
புதர் முழுக்கத் தலைகீழாய்த் தொங்கல்கள்:
காம்புப் பக்கம் இளஞ்சிவப்பு, நீண்ட இழைகள்,
காய்க்காத பூக்கள்.
அதற்குக் கீழே நெருக்கி அடைத்த மஞ்சள்,
காய்ப்பது அதுதான்.
அழகுக்கு ஒரு பாதி, பிழைப்புக்கு ஒரு பாதி என்று
எழுதத் தோன்றியது. எழுதவில்லை.
அழகுக்கும் ஏதோ வேலை இருக்கும்;
தேனீ எந்தப் பாதிக்கு முதலில் வந்தது என்று
நான் பார்ப்பதற்குள் போய்விட்டது.

இன்னொருவர் தாளில் நிறத்தை நிரப்பக் கூடாது. விதி.
கோடிட்ட இடம் காலியாகவே இருக்கட்டும்.
ஓரத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டினேன், பென்சிலில்:

வேலூர், ஓட்டேரி. உயிருள்ள செடியில் பார்த்தது.
மேலே இளஞ்சிவப்பு, கீழே மஞ்சள்.
ஊர்ப்பெயர்: விடத்தேர், வெடத்தலா.
இங்கே வர ஒரு பஞ்சர்.
திரும்பும்போது இன்னொன்று.